மடியில் கத்தியா? பெட்டியில் துப்பாக்கியா?

தற்காப்புக்கு எது நல்லது? சட்டம் என்ன சொல்கிறது? நடந்த சம்பவங்கள் என்ன சொல்கின்றன?

1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி. மாலை நேரம்.

இடம்: ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரின் வீடு.

"நடிகவேள்" எம்.ஆர்.ராதா அங்கே வந்தார். கூடவே ஒரு படத் தயாரிப்பாளரும் வந்தார். மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

எம்.ஜி.ஆரும் ராதாவும் ஒருவருக்கு ஒருவர் புதியவர்கள் அல்ல. பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். இருவரும் நடித்த "பெற்றால்தான் பிள்ளையா" படம் வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

திடீரென்று "டுமீல்!" என்று சத்தம். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. சற்று நேரத்தில் ராதாவும் குண்டுக் காயத்தோடு ரத்த வெள்ளத்தில் இருந்தார்.

இருவரும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பிறகு சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். செய்தி பரவியது. ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் திரண்டார்கள். அழுதார்கள். துடித்தார்கள்.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் எம்.ஜி.ஆரின் கணீர்க் குரல் போய்விட்டது. அதன் பிறகு அவருடைய பேச்சு கடைசி வரை பழையபடி ஆகவில்லை.

வழக்கு செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டில் நடந்தது. எம்.ஜி.ஆர்.தான் முதலில் சுட்டார் என்பது ராதா தரப்பு வாதம். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. எம்.ஜி.ஆரைச் சுட்ட ராதா, பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று முடிவு செய்தது. அவருக்கு 7 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. பிறகு அப்பீலில் தண்டனை குறைந்தது.

ஒரே துப்பாக்கி. இரண்டு பெரிய நடிகர்கள் மரணத்தின் வாசல் வரை போய்வந்தார்கள்!

அந்த மாலையில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால்? பேச்சு முற்றியிருக்கலாம். கோபம் வந்திருக்கலாம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கலாம். மறுநாள் கோபம் தணிந்திருக்கலாம். பாய்ந்த குண்டு மட்டும் திரும்பி வராது.

மந்தைவெளி வீட்டில் ஒரு பேச்சு

மந்தைவெளியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். இரவு பறக்கும் ரெயிலில் வந்து இறங்குகிறாள். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு நடக்கும் தெருவில் பாதி விளக்கு எரிவதில்லை.

"அம்மா, கைப்பையில் ஒரு சின்னக் கத்தி வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறாள் மகள்.

"கத்தியா! உன் கையைத்தானடி முதலில் அறுத்துக்கொள்வாய்" என்கிறாள் தாய்.

"பேசாமல் ஒரு துப்பாக்கிக்கு லைசென்சு கேட்டால் என்ன?" என்கிறார் தந்தை. அவருக்கு மகளைப் பற்றிய கவலை. வீட்டில் இருக்கும் நகையைப் பற்றிய கவலை.

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு என்று எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் இப்படிப் பேசும் வீடுகள் உண்டு. தினமும் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் வெட்டு, குத்து, சங்கிலிப் பறிப்பு. பயம் வருவது நியாயம்தான்.

ஆனால் இந்த மூவரில் யார் சொல்வது சரி?

கத்தி யாரிடம் இல்லை?

முதலில் கத்தியைப் பார்ப்போம்.

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் வாழை இலைக்காரரிடம் கத்தி இருக்கிறது. லஸ் முனை இளநீர்க்காரரிடம் அரிவாள் இருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் மீன் வெட்டும் பெண்களிடம் கத்தி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சமையல் அறையிலும் இருக்கிறது. இவர்கள் யாரும் அதை ஆயுதமாக நினைப்பதில்லை. அது கைக்கருவி. அவ்வளவுதான்.

பேனாக்கத்திக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் பறவை இறகைச் சீவி மையில் தொட்டு எழுதினார்கள். இறகுப் பேனாவைச் சீவிய சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. எழுதப் படிக்கப் பிறந்த கத்தி அது!

சட்டமும் இதே வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு உள்ள கத்தி, ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகிறது. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. அரசு அறிவித்துள்ள பகுதிகளில் இவற்றை வைத்திருக்க லைசென்சு வேண்டும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திக்கு விலக்கு உண்டு.

சீக்கியர்கள் கிர்பான் என்னும் குறுவாள் அணிவது அவர்களுடைய மத உரிமை. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே அதைச் சொல்கிறது.

சரி, 9 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாமா? அதற்கு லைசென்சு தேவை இல்லை. ஆனால் பகலில் தேங்காய்க் கடையில் இருக்கும் கத்தி வேறு. நள்ளிரவில் ஒருவன் இடுப்பில் இருக்கும் கத்தி வேறு. "இது எதற்கு?" என்று போலீசார் கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும்.

இங்கிலாந்தில் சட்டம் இன்னும் கடுமை. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் அதுவே குற்றம். 4 ஆண்டு வரை சிறை. 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகு உள்ள சாதாரண மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு.

நடந்து போனார், பிழைக்கவில்லை

"சின்னக் கத்திதானே, மிரட்டத்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

1944-ஆம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. "இந்து நேசன்" பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தார். வழியில் கத்தியால் குத்தப்பட்டார். அவர் அங்கேயே விழுந்து இறந்துவிடவில்லை. ரத்தம் ஒழுக ஒழுக நண்பரான வக்கீல் வீட்டுக்குப் போனார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் இறந்துவிட்டார்.

அந்த ஒரு கத்திக்குத்து தமிழ்நாட்டையே உலுக்கியது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1947-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் பழைய புகழ் திரும்பவே இல்லை.

கத்திக் காயம் வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே எதை அறுத்திருக்கிறது என்பது டாக்டருக்குத்தான் தெரியும். குத்தியவன் "மிரட்டத்தான் நினைத்தேன்" என்று சொன்னால் போன உயிர் வருமா?

இன்னொன்றும் உண்டு. கத்திச் சண்டையில் இரண்டு பேருக்கும் காயம் படும். கத்தி பிடிக்கப் பழகாதவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது, பழகியவனுக்குப் பெரிய வேலை அல்ல. நீங்கள் கொண்டுபோன கத்தியே உங்கள் மேல் திரும்பும்.

21 அடி!

"அப்படியானால் துப்பாக்கிதான் சரி. கத்தியோடு வருபவனைத் தூரத்திலேயே சுட்டுவிடலாமே?" என்று தோன்றும்.

அமெரிக்காவில் டென்னிஸ் டூலர் என்ற போலீஸ் அதிகாரி இருந்தார். அவர் ஒரு சோதனை செய்து 1983-ல் எழுதினார். கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்தில் நிற்கிறான். அவன் ஓடிவந்து குத்த எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை வினாடி! பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது.

அவர்கள் தினமும் பயிற்சி செய்பவர்கள். துப்பாக்கி இடுப்பிலேயே இருக்கிறது. நம் வீட்டுத் துப்பாக்கி எங்கே இருக்கும்? பீரோவுக்குள். பூட்டுக்குள். பூட்டாமல் வைத்தால் குழந்தை எடுத்துவிடும்!

தியாகராயநகர் ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். தீபாவளி நேரத்தில் அங்கே 21 அங்குலம் இடைவெளி கிடைக்குமா?

கூட்டத்தில் சுட்டால் குண்டு யாரைத் தாக்கும் என்று யார் சொல்ல முடியும்? தியாகராயநகர் இதை நேரிலேயே பார்த்திருக்கிறது. 1982-ஆம் ஆண்டு மே 19-ந் தேதி இரவு பாண்டிபஜாரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. விடுதலைப்புலிகள் தலைவர் பிரபாகரனும், அவரிடமிருந்து பிரிந்த உமாமகேசுவரனும் தற்செயலாக எதிர் எதிரே வந்துவிட்டார்கள். குண்டுகள் பறந்தன. உமாமகேசுவரனுடன் வந்தவர் காயமடைந்தார். புடவைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் ஜனங்கள் வந்துபோகும் தெரு அது!

சூளைமேட்டில் இதைவிடக் கொடுமை. 1986-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. தீபாவளித் திருநாள். அங்கே தங்கியிருந்த இலங்கைப் போராளி இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் தகராறு ஏற்பட்டது. துப்பாக்கி வெடித்தது. உள்ளூர் வாலிபர் ஒருவர் பலியானார். பலர் காயமடைந்தார்கள். தெருத் தகராறுதான். கையில் துப்பாக்கி இருந்ததால் அது கொலையில் முடிந்தது.

லைசென்சு வாங்குவது எப்படி?

துப்பாக்கி லைசென்சு என்பது ரேஷன் கார்டு போன்றது அல்ல. கேட்டவர்களுக்கு எல்லாம் கிடைக்காது. சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் மனுச் செய்ய வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீசார் விசாரிப்பார்கள். உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதாக டாக்டர் சான்று வேண்டும். பயிற்சி பெற்ற சான்று வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்றும் காட்ட வேண்டும்.

தேர்தல் வந்தால் பொதுவாகத் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி சொல்லுவார்கள். தேர்தல் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும்.

லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால்? 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை.

விலையும் லேசு அல்ல. 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களுக்கு என்றே "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டது. டெல்லியில் 2012-ல் கொடுமைக்கு ஆளாகி இறந்த மாணவியின் நினைவாக வைத்த பெயர் அது. எடை அரைக் கிலோதான். விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! இரவில் பஸ்சுக்குக் காத்து நிற்கும் ஏழைப் பெண்கள் எத்தனை பேர் அதை வாங்க முடியும்?

இத்தனைக்கும் பிறகு துப்பாக்கி காப்பாற்றிவிடுமா? 2024-ஆம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் லைசென்சு பெற்ற துப்பாக்கி உண்டு. தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த அந்தத் துப்பாக்கி, ஜூன் மாதத்திலேயே அவரிடம் திரும்பிவிட்டது. ஆனாலும் திடீரென்று பாய்ந்த கும்பலிடமிருந்து அது அவரைக் காக்கவில்லை.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று சொல்லும் அளவுக்குத் துப்பாக்கிகள் இருக்கின்றன. அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறவர்கள்! திருடனைச் சுட வாங்கிய துப்பாக்கி, துக்கத்தில் இருக்கும் ஒரு பொழுதில் சொந்த வீட்டாரையே பலி வாங்குகிறது.

சட்டம் கைவிடவில்லை

"அப்படியானால் அடிக்கிறவன் அடிக்கட்டும் என்று நிற்க வேண்டியதுதானா?"

இல்லவே இல்லை! உயிரையும் மானத்தையும் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அது இருக்கிறது. கொலை, கொடுங்காயம், கற்பழிப்பு, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவற்றிலிருந்து தப்புவதற்காகத் தாக்கியவனைத் திருப்பித் தாக்கி, அதில் அவன் இறந்தாலும் அது குற்றம் அல்ல.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. போலீசாரின் உதவியை நாட நேரம் இருந்தால், அதை விட்டுவிட்டு ஆயுதம் எடுக்கக் கூடாது. ஆபத்து தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. அடித்தவனை மறுநாள் தேடிப்போய்க் குத்தினால் அது தற்காப்பு அல்ல. பழிக்குப் பழி!

உயிருக்குப் போராடுகிறவர் எத்தனை அடி அடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? முடியாது. அதைத் தங்கத் தராசில் நிறுப்பதுபோல் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2010-ல் ஒரு தீர்ப்பில் கூறியிருக்கிறது.

வீரப் பெண், வீரத் தாய்

சென்னைக்கு வடக்கே உள்ளது சோழவரம். 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஓர் இரவு. 19 வயதுப் பெண் ஒருத்தியை, போதையில் இருந்த ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டினான். மானபங்கம் செய்ய முயன்றான்.

அவளிடம் கத்தி இல்லை. துப்பாக்கி இல்லை. அவள் அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் விழுந்தான். அவனுடைய கத்தி அவள் கைக்கு வந்தது. அதனாலேயே அவனைக் குத்தினாள். அவன் இறந்துவிட்டான்.

அவள் ஓடி ஒளியவில்லை. நேராகப் போலீசாரிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். போலீசார் விசாரித்தார்கள். "இது கொலை அல்ல, தற்காப்பு" என்று முடிவு செய்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மதுரையிலும் 2012-ல் இப்படி ஒன்று நடந்தது. குடித்துவிட்டு வந்து பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்க முயன்றான் ஒருவன். மகளைக் காக்கத் தாய் கையில் எடுத்தது எதை? வீட்டில் கிடந்த கிரிக்கெட் மட்டையை! அவன் இறந்தான். அவளையும் தற்காப்பு என்று போலீசார் விடுவித்தார்கள்.

இந்த இரண்டு பெண்களும் ஆயுதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்கள் அல்ல. ஆபத்து வந்த நேரத்தில் அறிவை இழக்கவில்லை. கைக்கு அகப்பட்டதைக் கொண்டு காத்துக்கொண்டார்கள். பிறகு உண்மையை ஒளிக்கவில்லை. அதனால்தான் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது.

என்ன செய்யலாம்?

மந்தைவெளிக் குடும்பம் என்ன செய்யலாம்? செலவில்லாத வழிகள் பல இருக்கின்றன.

பையில் ஒரு விசில் போதும். ஊதினால் தெருவே எட்டிப் பார்க்கும். தாக்க வருகிறவன் இருட்டையும் தனிமையையும்தான் தேடுகிறான். சத்தம் அவனுக்குச் சத்துரு.

காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். பின்னால் வரும் காலடி கேட்காது.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டை நோக்கி ஓட வேண்டாம். வெளிச்சம் உள்ள கடைக்குள் நுழையுங்கள். மருந்துக் கடை, டீக்கடை, எதுவானாலும் சரி. ஆள் நடமாட்டம் இருந்தால் போதும்.

கைப்பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம்.

மிளகுப்பொடி கலந்த திரவத்தைப் பீய்ச்சும் சின்னக் குப்பிக்கு லைசென்சு வேண்டாம். ஆனால் பெசன்ட்நகர் கடற்கரையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பீய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் எரிவது உங்கள் கண்!

112 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அது போலீஸ் உதவி எண். பெண்களுக்கு 181 இருக்கிறது.

யாருக்காவது கத்திக்குத்து விழுந்துவிட்டால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். கத்தி உடம்பில் செருகி இருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் ரத்தம் பீறிட்டு வரும். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

தெரு விளக்கு எரியவில்லையா? மாநகராட்சிக்குப் புகார் செய்யுங்கள். தெருவில் உள்ள நாலு வீட்டார் சேர்ந்து செய்யுங்கள். ஒரு வீட்டில் இருக்கும் துப்பாக்கி அந்த வீட்டையே காக்குமா என்பது சந்தேகம். ஒரு தெரு விளக்கு தெரு முழுவதையும் காக்கும்.

தாய் சொன்னதே சரி!

மகளுக்குக் கத்தி மேல் நம்பிக்கை. தந்தைக்குத் துப்பாக்கி மேல் நம்பிக்கை. தாய்க்கோ மகளின் கைவிரல் மேல் கவலை. மூவரில் தாய் சொன்னதுதான் சரி. பழகாத கையில் உள்ள ஆயுதம் முதலில் உடையவரைத்தான் தொடும்.

கத்தி காய்கறி நறுக்கட்டும். துப்பாக்கி காவலர் கையில் இருக்கட்டும். நடுத்தெருவில் உங்களுக்குத் துணை, விழித்த கண்ணும், உரத்த குரலும், ஓடத் தயங்காத காலும்தான்!